ஒன்பதாவது மைல்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தாய். ஆயுர்வேதமெல்லாம் பார்த்துவிட்டாய், இனி நடையைக் கொஞ்சம் குறை. பேத்தியின் லீவுக்கு நாங்கள் நாலு நாள் ஊட்டி போய் வந்தோம். இந்தக் கடிதம் முழுக்க அந்தக் கதைதான், பொறுத்துக்கொள்.

1979ல் நாம் ஹாஸ்டலில் சொல்லாமல் பஸ் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? இறங்கியதும் மூச்சை இழுத்துவிட்டு, "இதுதான்டா மலை வாசம்" என்றாய். இந்தத் தடவையும் முதலில் வந்து நின்றது அந்த வாசம்தான். உன் வசனத்தைப் பேத்திக்குச் சொன்னேன். கார் ஓட்டி வந்தவர் உள்ளூர்க்காரர், சிரித்துவிட்டார். "சார், அது கற்பூர மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது." யூகலிப்டஸைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். 1840களில் வெள்ளைக்காரர்கள் விறகுப் பஞ்சத்துக்காகக் கொண்டுவந்து நட்ட மரத்தை, இத்தனை வருஷமாக மலையின் மூச்சு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! நாம் படகு விட்ட ஏரியும் அப்படித்தான். 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஓடையை மறித்து உண்டாக்கியது.

மறுநாள் டிரைவர் எங்களை ஒன்பதாவது மைலுக்குக் கூட்டிப் போனார். சூட்டிங் ஸ்பாட் என்றால்தான் எல்லாருக்கும் தெரிகிறது. அலை அலையாகப் புல்மேடு, மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் கரும்பச்சைச் சோலை. பேத்தி உடனே கையை விரித்துச் சுற்றி ஆடினாள். அவளுக்கு அது பாட்டு எடுக்கிற இடம். வெள்ளைக்காரன் அங்கே தன் ஊரைப் பார்த்தான். தன் ஊர்ப் புல்மேடுகளை 'டவுன்ஸ்' என்பான், இதற்கும் வென்லாக் டவுன்ஸ் என்று ஒரு கவர்னர் பேரோடு சேர்த்து வைத்துவிட்டான். நாய்களை விட்டு வேட்டையும் ஆடினான். ஆனால் பழியை முழுக்க அவன் தலையில் போட முடியாது. புல்தரை என்றால் சும்மா கிடக்கிற தரை என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ரேயான் இழைக்கும் தோல் பதனிடவும் வேண்டுமென்று கற்பூர மரத்தையும், 'வாட்டில்' என்கிற சீகை மரத்தையும் ஏக்கர் கணக்கில் நட்டது நம் ஆட்கள்தானே? மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் ஓடைக்கு விடுவது அந்தப் புல். வரையாடு மேய்வதும் அதில்தான். அந்நிய மரங்களை எடுக்க 2022ல்தான் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது.

அந்த மலையின் பழங்குடிகளான தோடர்களுக்கு அது சும்மா கிடந்த இடம் இல்லை. அவர்களுடைய எருமைகளின் மேய்ச்சல் அது. பால் கறந்து கடையும் மனையே அவர்களுக்குக் கோயில், கறப்பவரே பூசாரி. 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் அவர்கள் பாட்டுகளைக் கேட்டு எழுதி வைத்தார். அதில் மேடு, ஓடை, மந்து, எருமை எல்லாம் பேர் சொல்லி வருகின்றன. நானோ அங்கே நின்று, "ஒண்ணுமே இல்லை, எவ்வளவு அழகு!" என்றேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஊட்டகமண்டில் கடைசியில் ஒட்டியிருப்பது அதுதான். நாம் அதை மண்டலமாக்கி, முன்னால் உதகத்தையும் வைத்து, சமஸ்கிருதப் பேர் மாதிரி ஆக்கிவிட்டோம்.

இன்னொன்று. மலை குறிஞ்சி, மேய்ச்சல் முல்லை என்று மனப்பாடம் செய்தோமே, அங்கே மலை உச்சியிலேயே ஆயர் வாழ்க்கை! நம் தமிழ் வாத்தியாரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? திணை மயக்கம் என்று தப்பித்திருப்பார். எனக்கென்னவோ, நிலத்தைவிட அதில் இருப்பவர்கள் செய்கிற காரியம்தான் திணை என்று படுகிறது. நீ சண்டைக்கு வருவாய், வா.

இவ்வளவும் தெரிந்த பிறகாவது அந்த வாசம் பிடிக்காமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. திரும்பும்போது குன்னூர் வளைவில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூக்கை நீட்டிக்கொண்டுதான் வந்தேன். உன் முட்டிக்கு ரெண்டு பாட்டில் நீலகிரித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போ.

உன் பழைய அறைத்தோழன்