காலை எட்டு மணிக்கு வரும் பனி எச்சரிக்கை

எங்கள் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் வெதர் ஸ்டேஷன் நட்டு வைத்திருக்கும் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

(நகல்: கருவி வைக்க இடம் கொடுங்கள் என்று ஊரூராகக் கூட்டம் போட்டுச் சொன்ன அலுவலகத்துக்கு)

வணக்கம்.

உங்கள் புதிய கட்டணப் பட்டியல் வந்து சேர்ந்தது. இலவசத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இனி அளவீடுகள் ஆறு மணி நேரம் கழித்துத்தான் செயலியில் தெரியுமாம். உடனுக்குடன் பார்க்க மாதம் 299 ரூபாய். உறைபனி எச்சரிக்கைக்கு அதற்கு மேல் தனிக் கட்டணம். "இலவசத் திட்டத்தில் இருப்பவர்கள்" என்று நீங்கள் எழுதியிருப்பது யாரை? கருவி நிற்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர்களை. அதே பட்டியலின் பின்பக்கத்தில், நிறுவன வாடிக்கையாளர்களுக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை நேரடியாக டேட்டா தருவதாகவும் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்கள் தோட்டத்தில் எடுக்கும் அளவீடு, எடுத்த உடனே, முழுதாக, கட்டணமில்லாமல் எங்களுக்கு வர வேண்டும். அதை நீங்கள் பிறருக்கு விற்றால் யாருக்கு விற்றீர்கள் என்று சொல்ல வேண்டும்; பங்கும் தர வேண்டும்.

ஆறு மணி நேரத் தாமதம் என்றால் மலையில் என்ன பொருள் என்பது உங்கள் கட்டணப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்கலாம். நீர்ப்பனி முடிந்து உறைபனி தொடங்கும் நாட்களில், மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்து. நிலம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். உங்கள் கருவியின் வெப்பமானி வெள்ளைத் தட்டுக் கூட்டுக்குள், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 3 டிகிரி காட்டும்போது, புல்மட்டத்தில் பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கலாம். அதனால் செயலியில் 3 டிகிரி தெரிந்தவுடன் விவசாயி எழுந்தாக வேண்டும்.

எழுந்து என்ன செய்வார்? கேரட், பீட்ரூட் காடாக இருந்தால் ஸ்பிரிங்க்ளரைத் திறப்பார். ஒரு கிலோ நீர் உறையும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம்தான் இலையைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாமல் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் ஒரு கிலோ நீர் ஆவியாவதற்குச் சுமார் 2,500 கிலோஜூல் வேண்டும். பாதியில் மோட்டார் நின்றுபோனால், ஈர இலையிலிருந்து நீர் ஆவியாகி, உறைந்தபோது கொடுத்ததைப் போல ஏழு மடங்கு வெப்பத்தை உறிஞ்சிவிடும். நனைக்காத செடியைவிட அரைகுறையாக நனைத்த செடி மோசமாகக் கருகுவது இதனால்தான். எனவே பூஜ்ஜியத்துக்கு வருமுன் திறக்க வேண்டும். வெயில் ஏறிப் பனிக்கட்டி கரைகிற வரை நிறுத்தக் கூடாது.

மணிக்கு 3 மில்லிமீட்டர் என்ற கணக்கில் தெளித்தாலும் ஒரு ஏக்கருக்கு மணிக்கு 12,000 லிட்டர் போகும். எதற்கும் இருக்கட்டும் என்று மாலையிலிருந்தே ஓட்டக் கிணற்றில் தண்ணீர் கிடையாது. இரண்டு மணிக்குத் திறந்தால் ஏழரை வரை தாங்கும். பத்து மணிக்கே திறந்தால் மூன்றரைக்கு வற்றிவிடும், மிச்ச நேரம் மேலே சொன்ன கதைதான். எந்த நேரத்தில் திறப்பது என்பதுதான் முழு விஷயமும். அந்த ஒரு தகவலைத்தான், இரண்டு மணிக்கு எடுத்து, எட்டு மணிக்குக் கொடுக்கிறீர்கள். எட்டு மணிக்கு வரப்பில் நின்று பார்த்தாலே தெரியும். அதற்குச் செயலி வேண்டாம்.

தேயிலைக்குத் தெளிப்பு வசதி பெரும்பாலும் இல்லை. மாலையில் மிலார்ச் செடியை வெட்டிப் பரப்பி மூடுவதுதான் வழி. அதற்கு ஆள் சொல்ல வேண்டுமென்றால் நான்கு மணிக்குள் முடிவெடுக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் அன்றிரவு பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். அதைத்தான் "நுண்ணறிவுக் குறியீடு" என்று பெயர் சூட்டித் தனியாக விற்கிறீர்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் தெரிந்தால் பனிநிலையைக் கணக்கிட ஒரு சூத்திரம் போதும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை கால்குலேட்டரில் போட்டுத் தரும். நான்கு மணிக்கு வேண்டிய ஈரப்பதம் இரவு பத்து மணிக்கு வருவதால்தான் அந்தப் பிள்ளையும் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

டேட்டாவை விற்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. சிம் கார்டு, சர்வர், ஆள் சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பல தோட்டங்களின் அளவீட்டைச் சேர்த்து, செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டு, அடுத்த பத்து நாள் கொழுந்து வரத்தை மதிப்பிட்டு ஒரு தேயிலை வாங்குபவருக்கு விற்கிறீர்களா? அது உங்கள் உழைப்பு, விலை வையுங்கள். மூல அளவீடு வேறு, அதிலிருந்து செய்த சரக்கு வேறு. பச்சை இலையையும் தூளையும் ஒன்றாக எண்ணுகிறவர் இந்த மலையில் யாரும் இல்லை. ஆனால் தூள் விற்கிற தொழிற்சாலை, இலை கொடுத்தவரிடமே இலையைப் பார்ப்பதற்கு மாதக் கட்டணம் கேட்டதாக நாங்கள் இதுவரை கேள்விப்படவில்லை.

அந்த அளவீடு எப்படிக் கிடைக்கிறது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மழைமானியின் உள்ளே இருக்கும் சிறு வாளி 0.2 மில்லிமீட்டருக்கு ஒருமுறை கவிழ வேண்டும். புனலில் ஒரு சில்வர் ஓக் இலை விழுந்து அடைத்தால் கவிழாது. மழை கொட்டும், கணக்கில் பூஜ்ஜியம் நிற்கும். சிலந்தி வலை பின்னினாலும் அப்படித்தான். காட்டெருமைக்கு உங்கள் கம்பம் முதுகு சொறிய வசதியாக இருக்கிறது; அது உரசிவிட்டுப் போனபின் மழைமானி சாய்ந்துவிடும், சாய்ந்த வாளி தப்பாக எண்ணும். ஒவ்வொரு முறையும் ரசமட்டம் வைத்து நேர் செய்வது யார்? புனலைத் துடைப்பதும், சோலார் பேனலில் படியும் பாசியைக் கழுவுவதும், நிழல் விழாமல் கிளை கழிப்பதும் யார்? உங்கள் சர்வீஸ் ஆள் ஏறி வருவது ஆண்டுக்கு ஒருமுறை. பராமரிப்புக்கு நாங்கள் பில் போட்டதில்லை.

குந்தா, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நாள்கணக்கில் மூடுபனி இறங்கிவிட்டால் பேனல் சார்ஜ் ஏறாது, பேட்டரி இறங்கிக் கருவி அணைந்துவிடும். அந்த இடைவெளியைப் பக்கத்துக் கருவிகளின் சராசரியை வைத்து நிரப்புகிறீர்கள். நிரப்புங்கள், தப்பில்லை. ஆனால் எது அளந்தது, எது நிரப்பியது என்று குறி போடாமல் ஒரே பத்தியில் கொடுக்கிறீர்கள். கோத்தகிரியில் வெயில் அடிக்கும் நாளில் அவலாஞ்சியில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை உலகமே பார்த்தது. இரண்டு கருவிகளுக்கு இடையே சராசரி எடுத்து மழை சொல்கிற கணக்கு சமவெளிக்குச் சரி, மலைக்கு ஆகாது. 2016இல் வந்த மறுசீரமைக்கப்பட்ட வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் இழப்பீடு தருவதா வேண்டாமா என்பதை வானிலை நிலையத்தின் எண்ணே முடிவு செய்கிறது. இப்படி நிரப்பிய எண் அந்த மாதிரிக் கணக்கில் ஏறினால், நட்டம் யார் தலையில் விடியும்?

அதனால்தான் யாருக்கு விற்கிறீர்கள் என்று கேட்கிறோம். இலை ஈரக் கருவி பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரம் காட்டிய மறுநாளே, தேயிலை இலையில் வரும் கொப்புள நோய்க்கு இந்த மருந்து அடியுங்கள் என்று போனுக்கு விளம்பரம் வருகிறது. நோய் எச்சரிக்கை வருவதில்லை. அது கட்டணத் திட்டத்தில் இருக்கிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது தொற்று நடந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருக்கும் என்பதால், ஈரத் தகவல் முந்தி வருவதுதான் எங்களுக்குப் பயன். மருந்துக் கடைக்கு முந்துகிறது, தோட்டத்துக்குப் பிந்துகிறது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள், ஓட்டுநர் எப்படிப் பிரேக் போடுகிறார், எவ்வளவு வேகம் போகிறார் என்பதையெல்லாம் சேகரித்து, அது தரகு நிறுவனங்கள் வழியாகக் காப்பீட்டுக்காரர்களிடம் போய்ச் சேர்ந்த விவகாரம் 2024இல் வெளியானது. 2025 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையம், அத்தகைய தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு (ஆட்களைப் பற்றிய தகவலைத் தொகுத்து விற்பவர்களுக்கு) கொடுக்க ஐந்தாண்டுத் தடையை முன்மொழிந்தது; 2026 ஜனவரியில் அது இறுதியானது. காருக்கு நடந்தது காட்டுக்கும் நடக்கும். சர்வே எண்ணோடும் போன் நம்பரோடும் பனி விழுகிற இரவுகளின் பட்டியலைச் சேர்த்துவிட்டால், அந்த நிலத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்கிறவருக்கு அது நல்ல சரக்கு. வெறும் வெப்பநிலை தனிநபர் தகவல் ஆகாது என்று உங்கள் வக்கீல் சொல்வார், சரிதான். ஆளோடு சேர்த்த அந்த நொடியில் ஆகிவிடும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் படிக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. நீங்கள் கையெழுத்து வாங்கிய பதினான்கு பக்கமும் ஆங்கிலம். "நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகளாவிய உரிமை" என்று ஒன்பதாம் பக்கத்தில் இருப்பதைத் தமிழில் ஒருமுறை வாசித்திருந்தால், ஓரேக்கர் வைத்திருப்பவரும் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுச் சட்டப்படி, இணையக் கருவி உண்டாக்கும் தகவல் அதைப் பயன்படுத்துகிறவருக்குக் கிடைத்தாக வேண்டும்; அவரோடு செய்த ஒப்பந்தம் இல்லாமல் நிறுவனம் அந்தத் தகவலைப் பயன்படுத்தவும் முடியாது. அது குன்னூரில் செல்லாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் சட்டம் சொல்லாமலே செய்கிறவர்களும் உண்டு. வெதர் அண்டர்கிரவுண்ட் என்ற வானிலைத் தளம் பொதுவான இலவச ஏபிஐயை (டேட்டாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும் வழியை) நிறுத்திய பிறகும், வீட்டில் கருவி வைத்து அளவீடு அனுப்புகிறவர்களுக்கு அதைத் தந்துகொண்டிருக்கிறது. அனுப்புகிறவன் பட்டினி கிடந்தால் அனுப்புவது நின்றுவிடும் என்ற சாதாரண வியாபாரக் கணக்கு அது.

மலையில் விளைகிற எதற்கும் மலையில் விலை கிடையாது என்பது பழகிப்போன கதை. கேரட்டுக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் எடை, கழிவு, கமிஷன். கொழுந்துக்குத் தண்ணீர் எடை என்று சாக்குக்கு இத்தனை கிலோ கழிவு. காட்சிக்கு மட்டும் மலை, கணக்குக்குக் கீழே. இப்போது எங்கள் குளிரையும் மூட்டை கட்டிக் கீழே கொண்டுபோகிறீர்கள். அதற்கு எடைச் சீட்டுகூட இல்லை. கருவியின் சிம்முக்கு டவர் கிடைக்கிற மேட்டில் எங்கள் போனுக்குக் கிடைக்காது என்பது இன்னொரு வேடிக்கை. சரி, டவர் பிரச்சினை உங்கள் கையில் இல்லை. கோபத்தில் வேறெங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செலவு அதிகமாகும் என்று சொல்வீர்கள். 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 96 பதிவு, ஆண்டுக்கு 35,040. பதிவுக்கு 50 பைட் போட்டாலும் ஓராண்டு முழுவதும் இரண்டு எம்பிகூட வராது. காலையில் வாட்ஸப்பில் வருகிற ரோஜாப்பூ வணக்கப் படங்கள் கொஞ்சம் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். செயலியில் "பதிவிறக்கு" என்று ஒரு பொத்தான் வைத்து சிஎஸ்வி கோப்பாக (வெறும் எண் அட்டவணையாக) கொடுங்கள், போதும். வரைபடம், கலர், மேகப் பொம்மை எதுவும் வேண்டாம். 3 டிகிரிக்கு இறங்கினால் கருவியிலிருந்தே ஒரு மிஸ்டு கால் வந்தால் போதும். நெட் இல்லாத ஹட்டியிலும் (மலைக் கிராமத்திலும்) அது வேலை செய்யும்.

பங்குக்கும் கணக்கு கடினமில்லை. 30 நாள் மாதத்தில் ஒரு கருவியிலிருந்து 2,880 பதிவுகள் வர வேண்டும். சிம், சர்வர் செலவு போக விற்ற தொகையில் ஒரு பகுதியை, வந்து சேர்ந்த பதிவுகளின் விகிதத்தில் பிரியுங்கள். புனலைத் துடைத்து வைத்தவருக்கு அதிகம், இலை அடைத்துக் கிடக்க விட்டவருக்குக் குறைவு. உங்களுக்கே தரமான டேட்டா கிடைக்கும். பச்சைத் தேயிலைக்கு 2003ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் விலைப் பகிர்வு முறை இருக்கிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. அதிலும் குறை சொல்ல ஆயிரம் உண்டு, ஆனால் ஒரு கணக்காவது இருக்கிறது. மழை அளவை மட்டும் பேரிடர் மேலாண்மைக்கு யாரும் காசு கேட்காமல் கொடுத்துவிடுங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்த ஊர்களில் அதற்கு விலை பேசக் கூடாது.

எனவே தயவுசெய்து ஆறு மணி நேரத் தாமதத்தை எடுத்துவிடுங்கள். எங்கள் அளவீட்டை உடனே, முழுதாக, கட்டணமில்லாமல் கொடுங்கள். யாருக்கு விற்றீர்கள் என்ற பட்டியலையும் ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியையும் அனுப்பி வையுங்கள். பனிக்காலம் தொடங்குமுன் பதில் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
கருவி வைக்க இடம் கொடுத்த சிறு தேயிலை, காய்கறி விவசாயிகள்,
நீலகிரி

பி.கு.: கீழ்க்கோத்தகிரிப் பக்கம் பள்ளத்துக் கருவியை மூன்று வாரம் முன்பு காட்டெருமை சாய்த்துவிட்டது. கம்பத்தின் அடித்தட்டில் இரண்டு போல்ட் தெறித்துக் கிடக்கின்றன. மழைமானி ஒரு பக்கம் படுத்திருக்கிறது. இந்த முறை நாங்கள் ரசமட்டம் எடுத்துப் போகவில்லை. அங்கிருந்து வருகிற மழைக் கணக்கை வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.