சம்பளத்தை மணிக்கணக்கால் வகுத்துப் பார்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. உன் தங்கச்சி மகன் எமர்ஜென்சி கேர் படிப்பை முடித்ததில் சந்தோஷம். ஆம்புலன்ஸ் வேலைக்கு எங்கே போனால் நல்ல சம்பளம் என்று கேட்டிருந்தாய்.

முதலில் சம்பளத்தை மணிக்கணக்கால் வகுக்கச் சொல். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், மாதம் 26 நாள் என்றால் 312 மணி. 18,000 ரூபாய் கொடுத்தாலும் மணிக்கு 58 ரூபாய்கூடத் தேறாது. எட்டு மணி நேர ஆஸ்பத்திரி வேலையில் 15,000 தந்தால் மணிக்கு 72.

நம்ம குமரி மாவட்டக்காரனுக்கு இன்னொரு தொல்லை. ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் கேஸ் வரும். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் ஊர்ந்து, நோயாளியை ஒப்படைத்து, ஸ்ட்ரெச்சர் திரும்பக் கிடைக்கும்வரை நின்று, வந்து வண்டியைக் கழுவ வேண்டும். இதற்கு ஓவர்டைம் (ஓ.டி.) உண்டா, வெறும் பேட்டாவா என்று சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கட்டும். டிரிப் ரிஜிஸ்டரில் கிளம்பிய நேரம், ஒப்படைத்த நேரம், திரும்பிய நேரம் மூன்றும் ஏற வேண்டும். ஒப்படைத்ததோடு பேனாவை மூடிவிட்டால் திரும்பி வந்த நேரத்துக்குக் காசு கேட்க வழியில்லை.

இ.எஸ்.ஐ.யையும் (தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கவனிக்கணும். சம்பளம் 21,000 வரை இருந்தால்தான் அது உண்டு, பிடித்தம் 0.75 சதவீதம், 157 ரூபாய் சொச்சம். 500 ரூபாய் ஏற்றி 21,500 ஆக்கினால் நடப்பு ஆறு மாதத் தவணையோடு பிடித்தம் நிற்கும், அதன் பிறகு சில மாதங்களில் வீட்டில் அப்பா அம்மாவுக்கான வைத்தியமும் சேர்ந்து போய்விடும். அந்த உயர்வால் என்ன லாபம், சொல்லு? ஓ.டி. பணம் இந்த வரம்புக் கணக்கில் சேராது, அது ஒரு ஆறுதல்.

லண்டன் உள்நகரில் அரசு ஆம்புலன்ஸ்காரர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, இடத்துக்காகவே கூடுதலாகத் தருகிறார்கள். இங்கே மார்த்தாண்டம் விபத்துகளோடு மல்லுக்கட்டினாலும் பேச்சிப்பாறை மலைப்பாதையில் ஓடினாலும் ஒரே நிறுவனத்தில் பெரும்பாலும் ஒரே தொகைதான்.

கல்ஃப் என்றால் பேசிக்கை, அதாவது அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளத்தைப் பார்க்க வேண்டும். துபாயில் மொத்தம் 4,000 திர்ஹம் என்று இரண்டு ஆஃபர் வரலாம், ஒன்றில் பேசிக் 1,600, மற்றதில் 2,800. வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக். முன்னதில் 1,120, பின்னதில் 1,960. ரூம், வண்டி, டிக்கெட் யார் தலையில் என்பதையும் கான்ட்ராக்டில் தேடட்டும்.

அங்கே வேலை பார்க்கும் லைசென்ஸுக்கு முன், சான்றிதழ் தந்த இடத்திலேயே விசாரிக்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. பலர் மாட்டிக்கொள்வது அனுபவச் சான்றிதழில்தான். சம்பளம் போட்டது ஏஜென்சி, கடிதம் தந்தது ஆஸ்பத்திரி என்றால், டேட்டாஃப்ளோ விசாரிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து ‘எங்கள் ஊழியர் இல்லை’ என்று பதில் போகும். அதனால் யார் பெயரில் பி.எஃப். கட்டுகிறார்களோ அவர்களிடமே சான்றிதழ் வாங்கட்டும். பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

ஆஃபர் லெட்டர் வந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி