டாவோசிலிருந்து வந்த படங்களுக்கு ஒரு பதில்

திருகோணமலை,
மார்கழி நடுப்பகுதி

அன்புள்ள மச்சானுக்கு,

பனிச்சரிவு ஆபத்து எப்படி என்று பார்க்க நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய மலைப் படங்களும், பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் பார்த்த குறிப்பும் வந்து சேர்ந்தன. போனில் கதைத்தால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன். இங்கே வாடை தொடங்கிவிட்டது. உப்புவெளியில் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டார்கள், தம்பலகாமம் பக்கம் வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். மீன் விலையைக் கேட்காதே. வீட்டில் எல்லோரும் சுகம்.

முதலில் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். உன் குறிப்பின் கடைசி வரியில், ஏதோ மறந்துபோய்ச் சேர்த்ததுபோல, "ஏறும்போது ஒருக்கால் காலுக்குக் கீழே 'வும்' என்று சத்தம் கேட்டது" என்று எழுதியிருக்கிறாய். அது முதல் வரியில் வந்திருக்க வேண்டிய செய்தி. அந்தச் சத்தம், கீழே உள்ள நொய்ந்த அடுக்கு உன் பாரத்தில் உடைந்து, மேலே இருந்த இறுகிய பனி ஒரே அடியாக அமர்ந்த சத்தம். நீ நின்ற இடம் தட்டையாக இருந்தபடியால் எதுவும் வழுக்கவில்லை. அதே உடைவு பக்கத்துச் சரிவு வரைக்கும் ஓடி, அங்கே பனியைக் கழற்றிவிடவும் கூடும். இந்தச் சத்தம், காலடியிலிருந்து ஓடும் வெடிப்பு, அன்றைக்கோ முதல் நாளோ தானாக விழுந்த பனிச்சரிவு, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் எந்தக் குழியும் வெட்டத் தேவையில்லை. மலை பதில் சொல்லிவிட்டது.

இனிப் படங்கள். பாறைக்குக் கீழே ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே போகப் போக விரிந்திருக்கும் கோடுகள் தளர்ந்த புதுப்பனி உதிர்ந்தவை. வெயில் பட்ட பாறை சூடாகி உதிர்த்திருக்கும். சின்னன்தான்; ஆனால் கீழே செங்குத்துப் பாறை இருந்தால் அந்தச் சின்னனே ஆளைத் தள்ளிவிடப் போதும். வடக்குச் சரிவுப் படம் வேறு கதை. அதில் மேல் விளிம்பு நேராக வெட்டுப்பட்டு, சரிவுக்குக் குறுக்கே நீளமாக நிற்கிறது. அது பலகைப் பனிச்சரிவு, அதாவது இறுகிய பனி பலகைபோல ஒரே துண்டாகக் கழன்று வருவது. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் இந்த வகைதான், அதிலும் பத்தில் ஒன்பது தடவை அகப்பட்ட ஆளோ அவரோடு போனவரோதான் அதைக் கிளப்பியிருப்பார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டு விளிம்பின் கூர் இன்னும் மழுங்கவில்லை, சரிந்த கட்டிகளின் மேல் புதுப்பனி இல்லை. ஆகவே நீ படம் எடுத்தபோது அது விழுந்து பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்காது. ஆனால் வெட்டின் உயரம் 40 சென்ரிமீற்றரா, ஒன்றரை மீற்றரா என்று படத்தில் தெரியவில்லை. பக்கத்தில் அளவுக்கு ஒரு மரமோ ஆளோ இல்லை. கிட்டப் போய் அளக்கச் சொல்லவில்லை, விளிம்புக்கு மேலே மிஞ்சி நிற்கும் பனி இன்னொரு தடவை விழக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். பாதுகாப்பான இடத்தில் நின்று தூரக்கண்ணாடியால் பார்த்து, "ஏறத்தாழ" என்று போட்டு எழுதினாலே போதும். எழுதவேண்டியவை இவ்வளவுதான்: எந்தத் திசை பார்த்த சரிவு, தொடங்கிய இடத்தின் உயரம், சாய்வு, தானாக விழுந்ததா ஆளால் விழுந்ததா, எப்போது விழுந்திருக்கும், பருமன். பருமனுக்கு 1 முதல் 5 வரை இலக்கம் இருக்கிறது. 1 என்றால் ஆளைப் புதைக்கும் வாய்ப்புக் குறைவு, 2 புதைக்கும், கொல்லும், 3 காரைப் புதைத்து நொறுக்கும், 4 ரயில் பெட்டியை, 5 நிலத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும். உன் படத்தில் இருப்பது 2 என்று நினைக்கிறேன்.

சாய்வைக் கண்மதிப்பால் எழுதாதே. கீழே நின்று பார்த்தால் ஒரு மாதிரி, மேலே நின்றால் இன்னொரு மாதிரி. சுவிஸ் அரசின் நில அளவை நிறுவனமான சுவிஸ்டோப்போவின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேல் நிறம் போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு, இடத்தில் சாய்வுமானி வைத்து அளந்துகொள். பலகைச் சரிவுகளில் பெரும்பாலானவை 30க்கும் 45க்கும் இடையில்தான் கழரும். அதைவிடச் செங்குத்தான இடங்களில் பனி தங்காமல் சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும்.

குழிக் குறிப்புக்கு வருகிறேன். 2350 மீற்றரில், வடக்குச் சரிவில், மொத்தப் பனி 70 செ.மீ. அடியில் 25 செ.மீ. தடிப்புக்குக் கையை முட்டியாக மடக்கிக் குத்தினாலே உள்ளே போகும் நொய்வு, அதற்கு மேல் 35 செ.மீ. ஒற்றை விரல் மட்டும் போகும் இறுக்கம், உச்சியில் 10 செ.மீ. புதுசு. இந்த மூன்று வரியிலேயே கதை முழுக்க இருக்கிறது. கார்த்திகையில் விழுந்த பனி மெல்லிசாகக் கிடந்தது. பிறகு நீண்ட நாள் தெளிந்த குளிர். நிலம் எப்போதும் பூச்சியத்துக்குக் கிட்டவே இருக்கும், பனியின் மேற்பரப்போ நீ அளந்தபடி -9. 70 செ.மீ. தடிப்புக்குள் 9 பாகை வித்தியாசம் என்றால் 10 செ.மீ. க்கு ஏறத்தாழ 1.3 பாகை. 1 ஐத் தாண்டினாலே, அடியிலுள்ள பனியிலிருந்து நீராவி மேலே ஏறி, ஒட்டும் தன்மையற்ற, விளிம்பு கூரான பெரிய படிகங்களாக மாறும். கையில் அள்ளினால் சீனி மாதிரி உதிரும். மெல்லிய பனிக்காலத்தில்தான் இது அதிகம். "இந்த வருசம் பனி குறைவு, பயமில்லை" என்று உங்கள் ஊரில் யாராவது சொன்னால் நம்பாதே, அடி அழுகுவது அப்படிப்பட்ட வருசத்தில்தான். பிறகு காற்றோடு வந்த பனி அதற்கு மேலே இறுகிய பலகையாகப் படிந்துவிட்டது. நொய்ந்த அடி, மேலே இறுகிய பலகை. இனிப் பாரம்தான் மிச்சம்.

வெப்பநிலையை மேலும் கீழும் மட்டும் அளந்திருக்கிறாய். 10 செ.மீ. க்கு ஒருதரம் அளக்க வேண்டும். சராசரி 1.3 என்றாலும் ஓரிடத்தில் 3 ஆகவும் இன்னோரிடத்தில் 0.5 ஆகவும் இருக்கும். வெப்பமானியை முதலில் நீரும் பனியும் கலந்த கோப்பையில் வைத்து, பூச்சியம் காட்டுகிறதா என்று பார். குழிச் சுவரில் நிழல் பக்கமாகக் குத்து, வெட்டியவுடனேயே அளந்துவிடு. முகடுக்கு அருகே காற்று குவித்த இடத்திலும் மரத்துக்குக் கீழேயும் குழி வெட்டினால் அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் தெரியவரும். முதலில் துழாவு கம்பியால் நாலைந்து இடம் குத்திப் பார்த்து, அந்தச் சரிவின் வழக்கமான ஆழம் எங்கே என்று கண்டு, அங்கே வெட்டு.

தட்டிப் பார்த்த சோதனையில் "14" என்று மட்டும் எழுதி விட்டுவிட்டாய். 30க்கு 30 செ.மீ. அளவில் வெட்டி நிறுத்திய பனித் தூணின் மேல் மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து, அதில் 14 ஆவது தட்டில் உடைந்தது, சரி. எப்படி உடைந்தது? திடீரெனச் சமதளமாக வழுக்கி வந்ததா, அடுக்கே நொறுங்கி அமர்ந்ததா, கோணல்மாணலாகப் பிளந்ததா? எண்ணை விட இதுதான் முக்கியம். அடுத்தமுறை நீண்ட தூண் சோதனையையும் செய்: சரிவுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்கீழாக 30 செ.மீ., பின்புறத்தைக் கயிற்றால் அறுத்துத் தனியாக்கு. ஒரு முனையில் மட்டும் தட்டு. உடைவு தொடங்கிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ மறு முனை வரை ஓடினால் அது பரவும் உடைவு. அங்கேயே நின்று போனால், பரவவில்லை. பரவியதென்றால் சரிவில் ஏறாதே. பரவவில்லை என்றதை மட்டும் நம்பி ஏறவும் ஏறாதே. நொய்ந்த அடுக்கு ஒரு மீற்றருக்குக் கீழே இருந்தால் இந்தச் சோதனைகள் அதைச் சரியாகத் தொடாது. ஆனால் பாறை ஓரத்தில் பனி மெலிந்த இடத்தில் கால் வைத்தால் அதே அடுக்கு உடையும்.

இனி நீ கேட்ட கேள்வி. "நேற்று நாலு பள்ளத்தாக்கையும் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை, ஆகவே நிலை நல்லதா?" இதிலேதான் பழகினவர்களே ஏமாறுவது. முதலாவது, பார்க்கக்கூடிய நிலை இருந்ததா? மேல் முகடு முகிலுக்குள் இருந்தால் "ஒன்றும் விழவில்லை" என்று எழுதக்கூடாது, "2200 மீற்றருக்கு மேல் தெரியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். இரண்டாவது, தானாக விழுவது நின்றதென்றால் பாரம் கூடுவது நின்றது என்று மட்டுமே அர்த்தம். அடியிலே கிடக்கும் நொய்ந்த அடுக்கு வாரக்கணக்கில், சில வேளை பனிக்காலம் முழுக்க, அப்படியே இருக்கும். தானாக விழுவன ஓய்ந்த பிறகுதான் ஆட்கள் தைரியமாகக் கிளம்புகிறார்கள், நாலாவது ஐந்தாவது ஆள் போன தடத்திலேயே கழன்று வருகிறது. பனிச்சரிவு ஆபத்து அறிவித்தலில், ஐந்து படிகளில் 3 போட்ட நாட்களில் உயிரிழப்பு மிக அதிகமாக இருப்பதும் இதனால்தான். 4 என்றால் பலர் வீட்டில் இருந்துவிடுவார்கள்.

உங்கள் டாவோசிலுள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையமான எஸ்.எல்.எஃப் விடும் அந்த அறிவித்தலைப் பின்னேரம் 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் இரண்டையும் பார். இரவோடு காற்று மாறியிருக்கும். படி இலக்கத்தோடு நிறுத்தாமல், எந்தத் திசை, எந்த உயரத்துக்கு மேல், என்ன பிரச்சினை என்று போட்டிருப்பதை வாசி. சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் சொன்ன எளிய சாய்வு வரம்பு இன்றும் கைகொடுக்கும்: படி 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, 3 என்றால் 35 க்குக் கீழே, 4 என்றால் 30 க்குக் கீழே. இங்கே மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தோடு முடித்துவிடும். உங்களுக்கு ஐந்து படி, அதற்குள்ளும் கூட்டல் கழித்தல் குறி. வாசிக்கப் பொறுமை வேண்டும்.

கடைசிப் படத்தில் புல்வெளிச் சரிவில் வாய் பிளந்ததுபோல ஒரு வெடிப்பு, அடியில் மண் தெரிகிறது. அது முழுப் பனியும் நிலத்தோடு வழுக்கத் தொடங்கியதன் அடையாளம். இரவோ பகலோ, குளிரோ சூடோ, எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழி வெட்டவோ சோதிக்கவோ அதில் எதுவும் இல்லை. கீழே நின்று சாப்பிடாதே, அவ்வளவுதான்.

தங்கச்சி உன் போக்கைப் பற்றிப் பயந்து கதைத்தாளாம். சியாச்சினில் பனிக்குள் புதைந்தவரை ஐந்தாறு நாளுக்குப் பிறகும் எடுத்தார்களே என்று சொல்லி அவளைச் சமாளித்தாயாம். அந்த 2016 பெப்ரவரிச் சம்பவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள், 3 ஆம் திகதி புதைந்த ஒருவரை 8 ஆம் திகதி உயிரோடு எடுத்தார்கள், அவரும் 11 ஆம் திகதி இறந்துபோனார். அதை அளவுகோலாக எடுக்காதே. முதல் 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்பது பழைய சுவிஸ் கணக்கு, 35 நிமிடத்தில் அது மூன்றில் ஒன்றாகிவிடும். ஹெலிகொப்டர் வருமுன்னே கூட வந்தவன்தான் எடுக்க வேண்டும். புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்ட சமிக்ஞை அனுப்பும் தேடற்கருவியை உடம்போடு கட்டு, போனை அதிலிருந்து 20 செ.மீ. க்காவது தள்ளி வை, நீ தேடும்போது 50 செ.மீ. க்குத் தள்ளி வை. துழாவு கம்பி ஆளைத் தொட்டால் அதை உருவாதே, அப்படியே விட்டுவிட்டு, புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு கீழ்ப்பக்கம் தள்ளி நின்று தோண்டத் தொடங்கு. நேர் மேலே நின்று தோண்டினால் காற்றிடத்தை மிதித்து அமுக்கிவிடுவாய். பிளாஸ்டிக் சவளைத் தூக்கி எறி. இறுகிய சரிவுப் பனியில் அது வளையும்.

அடுத்த கிழமை தெற்குப் பக்கத்திலும் ஒரு குழி வெட்டி, இரண்டு குறிப்பையும் சேர்த்து அனுப்பு. வடக்கில் அந்த 25 செ.மீ. அடி இறுகத் தொடங்கியதா என்று தெரிய வேண்டும், கை முட்டி போகாமல் நாலு விரல் மட்டும் போகும் இறுக்கத்துக்கு வந்திருந்தாலே நல்ல செய்தி. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதிப் போடு, அதை இந்தத் தடவை விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் மச்சான்