நோர்வேயில், பேர்கனில் இருக்கும் மகனுக்கு, படகு எஞ்சின் சத்தம் பற்றி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அம்மா மீனைப் பார்த்தார், நான் எஞ்சினைக் கேட்டேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும், எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடும். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

விடியப்புறம் உன் படகு எஞ்சின் போடுகிற சத்தத்தைப் பற்றி முறையிட்ட அந்த அயல்வீட்டு மனிசனோடு கொழுவாதே. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விடியப்புறம் காற்று அசையாத நேரத்தில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும், அதற்கு மேலே இருப்பது கொஞ்சம் சூடாக இருக்கும். மேலே போகவேண்டிய சத்தம் அப்போது வளைந்து திரும்பவும் கீழே வரும். அலை இல்லாத தண்ணீரும் அதை விழுங்காமல் அப்படியே தள்ளிவிடும். இங்கே யாழ்ப்பாணத்தில் மண்டைதீவுப் பக்கம் ஓடுகிற வள்ளம் குருநகர் கரையில் நிற்பவனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுவதுபோலக் கேட்பது இதனால்தான். உங்கள் கடலுக்கு இரண்டு பக்கமும் மலை வேறு. நீ பகலில் கேட்கிற சத்தமும் அவர் காலை ஐந்து மணிக்குப் படுக்கையில் கேட்கிற சத்தமும் ஒன்றல்ல.

சத்தம் குறைய எஞ்சின் மூடிக்குள் ஸ்பொஞ்ச் வாங்கி ஒட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. என்னிடம் எஞ்சின் கொண்டுவருகிற பெடியளும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். நீ படித்தவன், இந்தக் கணக்கு உனக்கு விளங்கும்: காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் இறங்க வேண்டும். ஒரே அளவு சத்தம் போடுகிற இரண்டு இடங்களில் ஒன்றை அடியோடு நிறுத்தினாலும் இறங்குவது 3 டெசிபல்தான். பெரிய சத்தத்தை விட்டுவிட்டுச் சின்னதை அடக்கினால் அதுவும் இல்லை. ஆகவே எது பெரிது என்று முதலில் கண்டுபிடி.

வீடியோவில் எனக்குக் கேட்டதைச் சொல்கிறேன். நீ படகை இடப்பக்கம் திருப்புகிறபோது எஞ்சின் ஒரு கணம் 'ஆ' என்று கத்திவிட்டு அடங்குகிறது. கவனித்தாயா? எனக்கு அதில்தான் சந்தேகம். புகை எஞ்சினிலிருந்து அதன் காலுக்குள்ளால், அதாவது தண்ணீருக்குள் நீண்டிருக்கிற கீழ்ப்பகுதிக்குள்ளால் இறங்கி, புரொப்பெல்லரின் நடுக்குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போகிறது. கடல்தான் அதற்குச் சைலன்சர். படகு சாயும்போது புரொப்பெல்லர் மேற்பரப்புக்குக் கிட்ட வந்து காற்றை இழுத்தால் எஞ்சினுக்குப் பிடிமானம் போய்விடும், புகையும் நேரே வெளியே வெடிக்கும். எஞ்சின் தேவைக்கு மேல் உயரத்தில் கொழுவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அளந்து பார். புரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக, அல்லது ஒரு அங்குலம் கீழே நிற்க வேண்டும். உன் படகின் பின்பலகை 20 அங்குலமாக இருந்து, விற்றவன் 15 அங்குலப் பலகைக்கான கட்டைக் கால் எஞ்சினைத் தலையில் கட்டிவிட்டானோ தெரியாது. செகண்ட் ஹாண்டில் அது நடக்கும். பலகை ஒரு அங்குலம், இரண்டு அங்குலம்தான் கூட என்றால் அதைக் கொஞ்சம் வெட்டி இறக்கலாம், ஆனால் அலுமினியப் படகில் அதைத் தெரிந்த ஆளிடம் கொடு. வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை: சிநேகிதன் ஒருவனைப் பின்பக்கம் இருத்திவிட்டு ஓட்டு. பின்பக்கம் தாழ்ந்ததும் சத்தம் விழுந்தால் நான் சொன்னது சரி.

படகு நிற்கும்போது, மெதுவாக ஊரும்போது வருகிற 'பட பட' வேறு கதை. குறைந்த வேகத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகப் புகைக்குப் பலம் போதாது. அதற்காகக் காலின் பின்பக்கத்தில், தண்ணீருக்கு மேலே, ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். அதை அடைக்காதே. அடைத்தவர்கள் எல்லாரும் பிறகு 'ஸ்டார்ட் வருகுதில்லை, நின்று நின்று போகுது' என்று என்னிடம்தான் வந்தார்கள். அந்தப் படபடப்பைக் குறைக்க ஒழுங்கான வழி, எஞ்சினைச் சீராக ஓட வைப்பது. 2 சிலிண்டரில் ஒன்று அரைகுறையாக எரிந்தால் முழு எஞ்சினும் உதறும். இரண்டு பிளக்கையும் கழற்றி நிறத்தைப் பார். ஒன்று மண்ணிறமாகவும் மற்றது கறுத்து ஈரமாகவும் இருந்தால் அங்கேதான் வேலை, பெற்றோலையும் காற்றையும் கலக்கிற கபறேற்றரையும் கழுவு. பெற்றோலில் எண்ணெயைக் கூட்டிக் கலந்தால் சத்தம் குறையும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா. புகைதான் கூடும். புத்தகத்தில் பெற்றோல் 50க்கு எண்ணெய் 1 என்று போட்டிருந்தால் 50க்கு 1தான்.

மூடியைக் கழற்றியதும் உள்ளே மணந்து பார். புகை மணமும், எஞ்சின் தலைக்கும் காலுக்கும் இடையிலுள்ள மூட்டைச் சுற்றிக் கரியும் இருந்தால், அந்த மூட்டை அடைக்கிற கஸ்கெற் போய்விட்டது. உப்புத் தண்ணீர் எஞ்சினில் இது வழமை. வெளியே போகவேண்டிய புகை மூடிக்குள் வெடித்து, எஞ்சின் அதையே திரும்ப மூச்செடுக்கும். அதன் மேல் எவ்வளவு ஸ்பொஞ்ச் ஒட்டினாலும் வீண்.

இனி நடுக்கம். நீ வாங்கியது அலுமினியப் படகு, அது மேளம். எஞ்சின் சின்னதாக நடுங்கினாலும் தகடு முழுக்கப் பேசும். ஓடும்போது உள்ளங்கையைப் பின்பலகையில் வை, பிறகு இருக்கையில், பிறகு பக்கத் தகட்டில். எங்கே கை கூசுகிறதோ அங்கேயிருந்து சத்தம் புறப்படுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு. கடக் கடக் என்று ஆடினால் நடுக்கத்தைத் தாங்க உள்ளே இருக்கிற றப்பர்கள் செத்துவிட்டன. அவற்றைப் புதிதாகப் போடு. பழைய எஞ்சினுக்கு நான் காசு செலவழிக்கச் சொல்வது இந்த ஒரு சாமானுக்குத்தான், ஏனென்றால் அது போட்டதும் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே வித்தியாசம் தெரியும். கிளாம்புக்கும் பலகைக்கும் இடையில் றப்பர் வைக்கலாம், நாங்கள் இங்கே லொறி ரயர் வெட்டி வைக்கிறோம். மெல்லியதாக, இறுக்கமான றப்பராக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் அது நசிய நசிய ஸ்குறூ இளகி, ஒரு நாள் எஞ்சின் கடலுக்குள் போகும். ஓடிவிட்டு வந்து திரும்பவும் இறுக்கு, சங்கிலியும் போடு. பெற்றோல் ராங்கி, நங்கூரச் சங்கிலி, துடுப்பு எல்லாம் வெறும் தகட்டில் கிடந்து ஆடுவதும் வீடியோவில் கேட்கிறது. கீழே ஒரு றப்பர் பாய் விரி, பாதிச் சத்தம் அதிலேயே போனாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இவ்வளவும் செய்துவிட்டு மூடிக்கு வா. முதலில் மூடியின் விளிம்பைச் சுற்றியுள்ள றப்பரையும், பூட்டு இறுக்கமாகப் பிடிக்கிறதா என்பதையும் பார். பழைய எஞ்சின்களில் அந்த றப்பர் காய்ந்து பிளந்து, மூடி தானே கிலுகிலுக்கும். ஒட்டுவதென்றால் படகு எஞ்சின் அறைக்கென்று விற்கிற, தீப்பிடிக்காத, எண்ணெய் குடிக்காத ஸ்பொஞ்ச் வாங்கு. மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டவே வேண்டாம், அது பெற்றோலைக் குடித்து வைத்துக்கொண்டு தீக்குக் காத்திருக்கும். மேலே சுழல்கிற பிளைவீலுக்குக் கிட்ட ஒட்டாதே, பசை விட்டு ஒரு துண்டு விழுந்தால் போதும். காற்றுப் போகிற வழியையும் மூடாதே. 1 கிலோ பெற்றோல் எரிய 15 கிலோ அளவுக்குக் காற்று வேண்டும். மூச்சை அடைத்தால் எஞ்சின் கறுப்புப் புகை கக்கும்.

புரொப்பெல்லரில் இலை ஒன்று கல்லில் பட்டு வளைந்திருந்தாலும் ஒரு முனகல் வரும். அதையும் ஒருக்கால் தடவிப் பார்.

காசு செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது: வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திறொட்டில். மரினாவிலிருந்து அவருடைய வீட்டைக் கடக்கும் வரைக்கும் ஊர்ந்து போ. 1990களின் தொடக்கத்தில், நீ பிறக்கவில்லை, யுத்தத்தால் குடாநாட்டிலிருந்து வெளியே போகிற ஆனையிறவுப் பாதை மூடிக்கிடக்க, சனம் கிளாலியால் இரவில் கடலேரியைக் கடந்தது. எஞ்சின் பூட்டிய வள்ளத்துக்குப் பின்னால் மற்ற வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுப்பார்கள். சத்தம் கேட்டால் நேவி வரும். திறொட்டிலைக் குறைத்தால் சத்தம் குறையும், ஆனால் தண்ணீரில் நிற்கிற நேரம் கூடும். எது நல்லது என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. உனக்கு அந்தக் கணக்கு இல்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் மீன் எங்கும் போய்விடாது.

4 ஸ்ரோக் எஞ்சின் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சத்தம் குறைவுதான், முக்கியமாக நின்று ஓடும்போது. உன்னுடையது போன்ற 2 ஸ்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும், 4 ஸ்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒரு தரம். ஐரோப்பாவில் 2003இல் கொண்டுவந்த சட்டப்படி 10 கிலோவாட் வரையான எஞ்சினுக்கு 67 டெசிபல்தான் எல்லை என்று பார்த்தேன், படகு கடந்து போகும்போது 25 மீற்றர் தள்ளி நின்று அளப்பதாம். உன் 9.9 குதிரை வலு அதற்குள்தான் வரும், ஆனால் அது அந்தச் சட்டத்துக்கு முந்திய எஞ்சின். இங்கே நாங்கள் இன்னும் 2 ஸ்ரோக்கை விடாததற்குக் காரணம் மண்ணெண்ணெயும், எந்தக் கரையிலும் கிடைக்கிற சாமானும். அங்கே உனக்கு அது ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த வருசம் வாங்காதே. உயரத்தையும் றப்பரையும் பார்த்துவிட்டுப் பிறகு யோசி. 4 ஸ்ரோக்குக்குப் பாரம் கூட, அந்தப் பின்பலகை தாங்குமா என்பதும் தெரிய வேண்டும்.

எல்லாச் சத்தத்தையும் அடக்கவும் கூடாது. நேற்றுவரை இல்லாத ஒரு தட்டல் இன்று கேட்டால் நிறுத்து. எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பக்கத்தால் பீச்சுகிற தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்து.

உன் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே இருந்த எனக்குக் கீச்சென்ற சத்தங்கள் கேட்பதில்லை. குக்கர் விசிலை அம்மா சொல்லித்தான் அறிகிறேன். சனம் கதைப்பது கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்றால், 88இல் 4 மணி நேரம்தான் காது தாங்கும், அதற்கு மேலே ஒவ்வொரு 3க்கும் நேரம் பாதி. நீ கைபிடியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஒட்டியே இருக்கிறாய். கைபிடிக்கு நீட்டுக் குழாய் ஒன்று விற்கிறது, அதைப் பூட்டி நடு இருக்கைக்கு வா. காதுக்கும் நல்லது, முன்பக்கம் தூக்காமல் படகும் மட்டமாக ஓடும். அப்படியும் சத்தமென்றால் ஒரு காதுமூடி போடு, நீ விழுந்தால் எஞ்சினை நிறுத்துகிற விசைக் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்.

அடுத்த வீடியோவை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்து எடு: நிற்கும்போது ஒன்று, அரைத் திறொட்டிலில் ஒன்று, திரும்பும்போது ஒன்று. பின்பலகையின் உயரத்தையும் அளந்து அனுப்பு. அப்புறம் இன்னொன்று. அந்த வீடியோவில் உன் உடம்பில் லைஃப் ஜக்கற்றைக் காணவில்லை. 8 மீற்றருக்குக் குறைந்த படகில் அங்கே கட்டாயம் போட வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீதான். அம்மா மீனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை, அடுத்த முறை கவனிப்பார்.

அன்புடன்,
அப்பா