நான் ருசி பார்த்த தேயிலை வேறு, நீங்கள் அனுப்பிய தேயிலை வேறு

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: ஜார்ஜியா நாட்டுக் கறுப்புத் தேயிலை என்று விற்ற பொட்டலங்கள் குறித்த புகார்

வணக்கம்.

ஜார்ஜ்டவுன் கடையில் நீங்கள் நடத்திய தேநீர்ச் சுவைப்பு நிகழ்ச்சிக்கு வந்து, அங்கே ருசி பார்த்த ஜார்ஜியா நாட்டுக் கறுப்புத் தேயிலையில் மூன்று பொட்டலம் வாங்கியவள் நான். 100 கிராம் பொட்டலம் 95 ரிங்கிட். கடையில் கையிருப்பு இல்லை என்று சொல்லி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கோலாலம்பூர்க் கிடங்கிலிருந்து அனுப்பி வைத்தீர்கள். வந்து சேர்ந்தது அந்தத் தேயிலை இல்லை. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய இரண்டு வரிப் பதிலோடு இது முடிந்துவிடக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில், அன்று கடையில் குடித்ததைப் பற்றி. இலை நீளமாக, மெல்லிசாக முறுக்கியிருந்தது. கருமையோடு லேசான பழுப்பும் கலந்த நிறம். வெந்நீர் ஊற்றியதும் சாயம் அவசரப்படாமல் இறங்கியது. செம்பு நிறத்துக்கு வர நல்ல நேரம் எடுத்தது. தேன் வாசனையும் உலர்ந்த பழத்தின் வாசனையும் வந்தன. துவர்ப்பு இருந்தது, ஆனால் நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை. பாலோ சீனியோ கேட்காத தேநீர். கிண்ணத்தில் மிச்சம் வைத்திருந்தது ஆறிப்போன பிறகும் தெளிவாகவே இருந்தது. என் அப்பா கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, பதம் பார்த்துப் புளிக்க வைப்பது, காய வைப்பது, சலிப்பது என்று இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். அவர் இருந்திருந்தால் அந்தக் கிண்ணத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவு நல்ல தேயிலை அது. அதனால்தான் இத்தனை விலை கொடுத்தேன்.

நீங்கள் கையில் கொடுத்த விளக்கத் தாளையும் நம்பினேன். அதில் எழுதியிருந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கருங்கடலை ஒட்டிய மேற்கு ஜார்ஜியாவில், குரியா, சமெக்ரெலோ, அட்ஜாரா, இமெரெத்தி பகுதிகளில் தேயிலை விளைகிறது என்பது உண்மை. 1893இல் சீனாவிலிருந்து லியு ஜுன்ஜோவ் என்பவர் வேலையாட்களோடு வந்து பத்துமி நகருக்குப் பக்கத்தில் சாக்வியில் தேயிலை வளர்த்தார் என்பதும் உண்மை. ரஷ்ய வண்ணப்படக்காரர் புரோகுதின் கோர்ஸ்கி எடுத்த சாக்வி படங்களில் அவரை இன்றைக்கும் பார்க்கலாம். சோவியத் மண்ணில் விளைந்த தேயிலையில் மிகப் பெரும்பகுதி ஜார்ஜியாவுடையது. அளவு மட்டுமே முக்கியம் என்று இயந்திரத்தால் முற்றின இலையையும் சேர்த்து வெட்டியதில் தரம் கெட்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு சந்தையும் போயிற்று. தோட்டங்கள் புதர் மண்டிக் கிடந்தன. 2016இல் அந்த நாட்டு அரசே பழைய தோட்டங்களை மீட்கத் திட்டம் போட்டது. இப்போது சின்னச் சின்னக் குடும்பங்கள் கையால் கொழுந்து பறித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரை மீட்டுக்கொண்டிருக்கின்றன. இதையெல்லாம் நீங்களே எழுதி விற்கிறீர்கள். அப்புறம் பொட்டலத்துக்குள் வேறு எதையோ போட்டால், 95 ரிங்கிட் கொடுத்த எனக்கு மட்டுமா நஷ்டம்? முதல் தடவை வாங்குபவர் ‘ஜார்ஜியா தேயிலை என்றால் இவ்வளவுதானா’ என்று தள்ளிவிட்டுப் போவார். மீண்டும் எழுந்து நிற்கப் பாடுபடும் அந்தக் குடும்பங்களுக்கு இந்த ஊரில் வாசல் அடைபட்டுவிடும். எனக்கு இதுதான் பணத்தைவிடப் பெரிய வருத்தம்.

இனி, அனுப்பிய பொட்டலத்துக்கு வருகிறேன்.

மேலாக அழகான நீள இலை கொஞ்சம் இருந்தது. தட்டில் கொட்டிப் பார்த்தால் அதற்குக் கீழே பாதிக்கு மேல் சின்னச் சின்ன உருண்டைகள். கோப்பிக் கடையில் தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய பால் தேநீருக்கு வடிக்கும் தூளைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த உருண்டைகளைத் தெரியும். அது சி.டி.சி. தூள். பல் உருளைகளுக்கு இடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரத்திலிருந்து வருவது. அந்தத் தூளை நான் குறைவாகச் சொல்லவில்லை. பாலும் சீனியும் சேர்த்துக் குடிக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை, எங்கள் வீட்டிலும் தினமும் அதுதான். ஆனால் அதை 100 கிராம் 95 ரிங்கிட்டுக்கு, கையால் பறித்து உருட்டிய முழு இலை என்று யாரும் விற்கக் கூடாது.

சுவைப்பு நிகழ்ச்சியில் எல்லோருக்கும் ஒரு சின்ன மாதிரிப் பை கொடுத்தீர்கள். நல்ல வேளையாக அதில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தேன். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. தேயிலை ருசி பார்ப்பதற்கென்று உலக அளவில் ஒரு முறை இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 3103. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதித்த நீர், 6 நிமிடம். அதே அளவில், ஒரே கெண்டித் தண்ணீரில், ஒரே மாதிரி இரண்டு கிண்ணத்தில் போட்டேன். மாதிரிப் பையின் இலை மெதுவாக விரிந்தது. உங்கள் பொட்டலத்தின் தேயிலை ஒரு நிமிடத்துக்குள் அடர்சிவப்பாகிவிட்டது. குடித்ததும் தொண்டை வரை துவர்ப்பு. தேன் வாசனை அறவே இல்லை. ஆறியதும் மேலெல்லாம் கலங்கிவிட்டது. வலுவான அசாம் வகைத் தேயிலை ஆறும்போது இப்படிக் கலங்குவது வழக்கம்தான். அது மட்டுமே ஆதாரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சக்கையைப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் விரித்து வைக்கக்கூடிய இலை, காம்போடு; இன்னொன்றில் பொடிப்பொடியான துகள். இந்த வித்தியாசத்துக்கு நாக்குக்கூட வேண்டாம், கண் போதும். படங்களை இணைத்திருக்கிறேன்.

எது எந்தத் தேயிலை என்று சொல்லாமல் என் அக்காவிடமும் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியிடமும் கொடுத்தேன். ஆன்ட்டி வாழ்நாள் முழுக்க லியூ பாவ் என்ற சீனத் தேநீர் குடிப்பவர், பால் கலந்து குடிக்கவே மாட்டார். உங்கள் பொட்டலத் தேயிலை இருந்த கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘இதில் பால் ஊற்ற மறந்துவிட்டாயா’ என்று கேட்டார்.

இதை எழுதி அனுப்பியதற்கு உங்கள் பிரிவிலிருந்து வந்த பதில்: ‘தேயிலை இயற்கைப் பொருள், ஒவ்வொரு அறுவடைக்கும் சுவை மாறும்.’ ஒத்துக்கொள்கிறேன், மாறும். மழை கூடினால் மாறும், பறிக்கும் மாதம் மாறினால் மாறும். வாசனை கூடும், குறையும், நிறம் வெளிறும். ஆனால் எந்தப் பருவமும் உருட்டிய இலையை உருண்டைத் தூளாக மாற்றாது. அது இயந்திரம் செய்யும் வேலை. இந்தப் பதிலை எழுதியவர் என் படங்களைத் திறந்தே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பருவம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. நம் கேமரன் மலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கலாம். ஜார்ஜியாவில் அப்படி இல்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 42 பாகையில் இருக்கும் நாடு. குளிர்காலத்தில் தேயிலைச் செடிமேல் பனி விழும், செடி உறங்கிவிடும். வசந்தத்தில்தான் மறுபடி துளிர்க்கும். அதனால்தான் அந்தத் தேயிலைக்கு எந்த ஆண்டு, எந்த மாதம் பறித்தது என்பது முக்கியம். உங்கள் கடைப் பலகையில் ‘வசந்தகால முதல் கொழுந்து’ என்று இருந்தது. பொட்டலத்தில் பறித்த ஆண்டும் இல்லை, மாதமும் இல்லை. நல்ல தேயிலையை விற்பவர்கள் பெருமையோடு முதலில் எழுதுவது அதைத்தானே?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஒட்டுத்தாள். ‘ஜார்ஜியா’ என்ற ஒட்டுத்தாளின் ஓரம் எழும்பியிருந்தது. மெதுவாக உரித்தேன். கீழே பொட்டலத்திலேயே ‘தேயிலைக் கலவை’ என்று மலாய் மொழியில் அச்சிட்டிருக்கிறது. மிஞ்சிப்போன பழைய உறையைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கலாம்; அப்படியும் நடக்கக்கூடியதுதான். அப்படியானால் அதற்குக் கணக்கு இருக்கும், காட்டுங்கள். உறையும் கலவை, உள்ளே இருப்பதும் கலவை, மேலே மட்டும் ஜார்ஜியா என்றால் அதற்குப் பெயர் வேறு.

கடையில் தேநீர் ஊற்றிக் கொடுத்த இளம்பெண்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார், அவர் ஊற்றியதும் அசல் தேயிலைதான். தவறு கிடங்கில் நடந்ததா, பொட்டலம் கட்டும் இடத்தில் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர் தலையில் இதைக் கட்டிவிடாதீர்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று பொட்டலத்துக்கான 285 ரிங்கிட்டையும் அனுப்பும் செலவையும் திருப்பித் தர வேண்டும். மாற்றுப் பொட்டலம் வேண்டாம். அதே கிடங்கிலிருந்துதான் வரும் என்பதால் இப்போதைக்கு நம்பிக்கை இல்லை. அடுத்து, இந்தத் தேயிலை எந்தப் பகுதியிலிருந்து, எந்த மாதம் பறித்து, எப்போது மலேசியாவுக்கு வந்தது என்ற இறக்குமதி விவரத்தை எழுத்தில் தர வேண்டும். அன்று என்னோடு சேர்ந்து முன்பே பணம் கட்டியவர்கள் பலர். அவர்களுக்கும் நீங்களாகவே செய்தி அனுப்பி, பொட்டலத்தைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். என்னைப் போல மாதிரியை மிச்சம் வைத்திருக்காதவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்லை.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, விற்கும் பொருள் சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. 35ஆம் பிரிவு, மாதிரி காட்டி விற்றால் கொடுக்கும் பொருள் அந்த மாதிரிக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. என் விஷயத்தில் இரண்டுமே தவறியிருக்கின்றன. இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அங்கே மனுவுக்கு 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. இதைப் பயமுறுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேசித் தீர்க்கவே விரும்புகிறேன், அதற்குத்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரித்த பொட்டலம், உரித்த ஒட்டுத்தாள், மாதிரிப் பையில் மிச்சமிருக்கும் இலை, பிரிக்காத இரண்டு பொட்டலம் எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் யாராவது வந்து பார்ப்பதானால் எந்த நாளும் மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம்; அவர் முன்னாலேயே இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன். பிரிக்காத பொட்டலத்தில் ஒன்றை அவர் கையால் பிரிக்கட்டும். பொருளை எடுத்துக்கொண்டு போவதானால் பணம் வந்த பிறகு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
ஜெலுத்தோங், பினாங்கு.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது நகல், வாட்ஸ்அப் உரையாடல், இலை, சாயம், சக்கை, ஒட்டுத்தாள் ஆகியவற்றின் படங்கள்.