சித்தப்பாவுக்கு மீன் கொடுக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

போனில் உன் சித்தியிடம், "ஈரல் கெட்டவருக்கு மீன், முட்டை ஆகாது" என்று சொன்னாயாமே. அவள் மூன்று வேளையும் கஞ்சிதான் ஊற்றுகிறாள், தொட்டுக்கக் கருவாட்டோடு! நீயே கூப்பிட்டு மாற்றிச் சொல். நான் சொன்னால் ஏறாது.

நான் நர்ஸாக இருந்த காலத்தில் டாக்டர்களும் புரதத்தைக் குறைக்கத்தான் சொன்னார்கள். இப்போது நாளைக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. சாராயம் ஈரலில் அந்தக் கணக்கிலும் கை வைக்கும். மெத்தியோனைன் என்று ஒன்று. அதிலிருந்துதான் ஈரல் தன்னைக் காத்துக்கொள்ளும் குளூட்டதயோனைச் செய்துகொள்கிறது. குடி அந்த வழியை அடைத்துவிடும். வழியில் உண்டாகும் ஹோமோசிஸ்டீன் தேங்கும், காவல் குறையும், கொழுப்பு படியும். தடைக்காலத்தில் படகைக் கட்டிவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் குடிப்பாரே, அதில் ஃபோலேட் வைட்டமினும் போய்விடும்.

ஈரல் சுருங்கிய பிறகு கதை வேறு. புரதக் கழிவான அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்றும் வேலை அதனால் சரியாக முடியாது. அந்தச் சுமையில் ஒரு பங்கை உடம்புச் சதை ஏற்றுக்கொள்ளும். அதற்கு லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் செலவாகும். ஈரல் கரைக்க வேண்டிய ஃபினைல்அலனின், டைரோசின் என்ற வேறு இரண்டும் ரத்தத்திலேயே நிற்கும். புரதத்தைக் குறைத்தால் அந்தச் சதைதான் கரையும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிறவனையே பட்டினி போடுகிறோம் தம்பி.

நேற்று பார்த்தேன். வயிறு பானையாக இருக்கிறது, தோளில் எலும்புதான் தெரிகிறது. கையை நீட்டி விரல்களை நிமிர்த்தச் சொன்னேன். மணிக்கட்டு பட்டுப்பட்டென்று விழுந்து விழுந்து எழும்புகிறது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழிப்பு. அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. நாளைக் காலையில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.

வயிற்றாலே போகிறதென்று லாக்டுலோஸ் மருந்தையும் நிறுத்திவிட்டாள். அம்மோனியா வெளியேற, நாளைக்கு இரண்டு மூன்று தடவை போகத்தான் அதைக் கொடுக்கிறார்கள்.

சித்தியிடம் இதைச் சொல்: நகரை மீனோ சூடை மீனோ, உப்புக் குறைத்துக் குழம்பு வைக்கட்டும். கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு வயிற்றில் நீரை ஏற்றும். பயறு, மோர், முட்டை தரலாம். படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். இவருக்கு ஒரு ராத்திரிப் பட்டினி, நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி மாதிரி.

குடியை விடாமல் இதில் எதுவும் நிற்காது, அது அவருக்கும் தெரியும்.

அப்புறம், ஊருக்கு வரும்போது டூட்டி ஃப்ரீ பாட்டில் வேண்டாம். உன் சிநேகிதர்களுக்கும்தான்.

அம்மா,
தங்கச்சிமடம்