தானாக உடைந்த தம்ளர்

ஆசிரியருக்கு, வணக்கம்.

நேற்று என் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் நழுவியது. ‘உடைஞ்சு போச்சு’ என்றேன். ‘உடைச்சுட்டேன்’ என்று வாய் வரவில்லை. தமிழில் இதற்கு வசதி அதிகம். உடைந்தது என்றால் குற்றம் தம்ளர் மேல், உடைத்தேன் என்றால் என் மேல். தாமதமாகப் போய்விட்டு, ‘பஸ் போயிடுச்சு’ என்பதும் இந்த ரகம்தான்.

சரி, இது வீட்டுப் பேச்சு. நகைச்சுவைக் காட்சிகளில் ஒருவர் செய்த தப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் அறை வாங்குகிறார், நாம் சிரிக்கிறோம். தொடர்களிலோ உண்மை தெரிந்தவர் வாய் திறக்கவே 50 எபிசோடு ஆகிறது. அதுவரை பழி மருமகள் தலையில். நானும் விடாமல் பார்க்கிறேன், பொய் சொல்வானேன்.

குழந்தை விழுந்தால் தரையை அடித்துச் சமாதானம் செய்கிறோமே, அப்புறம் என்ன! என் பேத்தி இப்போது முனை ஒடிந்ததற்குப் பென்சிலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்